மலைச்சிட்டும் தரைச்சிட்டும்

தருமபுரியில் நான் வேலை பார்த்த ஆராய்ச்சித் துறையிலிருந்து போன மாதம் ஒரு பெண் போன் செய்தாள். புதிதாகச் சேர்ந்தவள், நல்ல பிள்ளை. "மேடம், டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு மலர் போடறோம். தேன்சிட்டு ஆராய்ச்சியில ஃபீல்டுல இருந்தவங்கள்ல நீங்க ஒருத்தர்தான் இப்ப கைக்குக் கிடைக்கிறீங்க. அந்த அனுபவத்தை எழுதித் தர்றீங்களா? கொஞ்சம் ஜாலியா இருந்தா நல்லா இருக்கும்" என்றாள்.

வலை போட்டுப் பிடிப்பீங்களாமே மேடம், பாவமா இல்லையா என்றும் கேட்டாள். இப்போது அவர்கள் வலை போடுவதில்லை. மரத்தில் கேமராவைக் கட்டிவிடுகிறார்கள், குரலைப் பதிவு செய்யும் பெட்டியைத் தொங்கவிடுகிறார்கள், துறைக்கு வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துகொள்கிறார்கள். நல்லதுதான். எந்தப் பறவைக்கும் வலி இல்லை. எந்த மனிதனுக்கும் இல்லை என்றும் நினைத்துக்கொள்கிறேன்.

ஜாலியாக எழுத எனக்கு வராது. நடந்ததை எழுதுகிறேன்.

எனக்கு ஊர் ஏரியூர்ப் பக்கம். விலங்கியல் படித்துவிட்டு, கள உதவியாளராக அந்தத் துறையில் சேர்ந்தேன். பெண்ணுக்கு இது ஒரு வேலையா என்று வீட்டில் கேட்டார்கள். புதருக்குள் குனிந்து உட்காருவதற்கு மாதச் சம்பளமா என்று ஊரில் சிரித்தார்கள். முதல் இரண்டு ஆண்டுகள் சிட்டுக்குருவியிலும் தவிட்டுக்குருவியிலும் கை பழகியது. கொத்து வாங்கினேன், எச்சம் வாங்கினேன், பறவை என் கையில் பயப்படாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன். அதற்கு மேல் அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பிறகு பேராசிரியர் ஞானசேகரன் என்னைத் தன் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார். இரண்டு தேன்சிட்டு இனங்களை ஒப்பிடும் ஆராய்ச்சி அது. தேன்சிட்டின் படத்தைப் போட்டு ஹம்மிங்பேர்ட் என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள், என் தம்பி மகன் உட்பட. அந்தப் பறவை நம் நாட்டிலேயே கிடையாது. இங்கே பூவில் தேன் குடிப்பது தேன்சிட்டு. அது அந்தரத்தில் நின்றுகொண்டு குடிப்பது அபூர்வம். கிளையில் தொங்கும், தலைகீழாகக்கூடத் தொங்கும்.

தரையில், அதாவது மலைக்குக் கீழே சமவெளியில், இருப்பது ஊதாத் தேன்சிட்டு. பாலக்கோட்டு மாந்தோப்புகளில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் எருக்கம்புதரில், மாதுளையில், வேலியில் படர்ந்த எதிலும் அதைப் பார்க்கலாம். ஆணுக்கு இனப்பெருக்கக் காலத்தில் மினுமினுக்கும் கருநீலம். அலகு சிறியது, லேசாக வளைந்தது. அந்த அலகுக்கு எட்டாத நீளப் பூ வந்தால் பூவின் அடியில் ஓட்டை போட்டுத் தேனை எடுத்துவிடும். வெயிலுக்கு அஞ்சாது. மனிதர்களுக்கும் அஞ்சாது.

மலையில் இருப்பது நீள அலகுத் தேன்சிட்டு. பார்த்த மாத்திரத்தில் அதுவும் கருநீலம்தான், ஆனால் மார்பில் மெரூன் நிறத்தில் ஒரு பட்டை, வயிறு புகைபடிந்த பழுப்பு. அலகு அரிவாள் மாதிரி நீண்டு வளைந்திருக்கும். பெண் பறவைகள் இரண்டையும் நிறத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது, அலகைத்தான் பார்க்க வேண்டும். தரையில் ஒன்றிரண்டு எப்போதாவது தென்படும். ஆனால் வத்தல்மலையில் காப்பிச் செடிகளுக்கு நிழல் தரும் பலாமரங்களில் புல்லுருவி பூத்திருக்கும்போது அதன் குரல் ஓயாமல் கேட்கும். கல்யாண முருங்கை பூத்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

ஞானசேகரன் சாரின் கேள்வி இதுதான். ஒன்று எதையும் தின்று எங்கும் பிழைக்கிறது. இன்னொன்று தனக்கென்று சில மரங்களையும் சில பூக்களையும் வைத்துக்கொண்டிருக்கிறது. அந்த மரங்கள் போனால் மலைச்சிட்டு தரைச்சிட்டைப் போல் மாறிக்கொள்ளுமா, இல்லை போய்விடுமா? நல்ல கேள்வி. இன்றும் அப்படித்தான் சொல்வேன். அவர் மீது எனக்கு எத்தனை கசப்பு இருந்தாலும் அவர் முட்டாள் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கூட்டிப் பெருக்கும் அம்மாவிலிருந்து ஜீப் டிரைவர் வரை எல்லோருக்கும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். என்னைப் பெயர் சொல்லி "மாதம்மா" என்று கூப்பிடுவார், அதோடு ஒரு 'ங்க' சேரும். பறவையைக் கையில் எடுக்கும் முன் இரண்டு கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். அளக்கும்போது மூச்சைக்கூட மெல்ல விடுவார். சட்டைப் பையில் கூர் சீவிய பென்சில்கள் இருக்கும், பேனாவை நம்ப மாட்டார். யாராவது தவறு செய்தால், "பரவாயில்லீங்க, அடுத்த முறை இப்படிச் செய்யலாமுங்க" என்பார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறைக்காது.

வலை விஷயத்தில் அவருக்கு உறுதியான விதிகள் உண்டு. கறுப்பு நைலான் வலை, தலைமுடி கனத்தில் நூல். இரண்டு மூங்கில்களுக்கு நடுவில் கட்டினால் இருப்பதே தெரியாது. பறவை வந்து மோதி, கீழே தொங்கும் மடிப்பில் பைக்குள் விழுந்த மாதிரி விழும். ஈரம் இருந்தால் வலை திறக்கக் கூடாது, காற்று அடித்தாலும் கூடாது. வெயில் வலை மேல் விழுந்தால் சுருட்டிவிட வேண்டும். எந்தப் பறவையும் வலையில் கால் மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது. அதுவும் தேன்சிட்டு, கொஞ்ச நேரம் தேன் குடிக்காவிட்டாலே துவண்டுவிடும்.

எடுப்பதற்கும் முறை உண்டு. எந்தப் பக்கமிருந்து பறவை வந்து விழுந்தது என்று முதலில் பார்க்க வேண்டும், அதே பக்கமிருந்துதான் எடுக்க வேண்டும். முதலில் கால், அப்புறம் ஒரு சிறகு, தலை, கடைசியில் மற்ற சிறகு. நாக்கில் நூல் சிக்கியிருந்தால் பல்குச்சியால் விடுவிக்க வேண்டும். கழுத்து ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் இருக்க, முதுகு உள்ளங்கையில் பதிய வேண்டும். எடை பார்த்து, அலகையும் சிறகையும் அளந்து, சொட்டுக்குழாயால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து விடுவோம். அந்தச் சின்ன நாக்கு சொட்டை உறிஞ்சுவதைப் பார்க்க வேண்டும் என்றே நான் அந்த வேலையில் இருந்தேன் என்று சொல்லலாம்.

அவருடைய கடைசி விதி, பயிற்சி இல்லாதவர்கள் பறவையைத் தொடக் கூடாது என்பது. இதில் அவர் யாருக்கும் விலக்கு தந்ததில்லை.

மலையில் எங்களுக்கு இடம் கொடுத்தவர் வெள்ளையன். சாமையும் ராகியும் விதைத்து, கொஞ்சம் காப்பியும் மிளகும் வைத்திருந்தார். அவர் நிலத்தின் விளிம்பில் புல்லுருவி அடைத்த இரண்டு பலாமரங்கள். முதல் நாள் நாங்கள் அந்த மரத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றபோது, "அது மரத்த உறிஞ்சற சனியனுங்க, வெட்டோணும்னு இருக்கேன்" என்றார்.

"வெட்டாதீங்க. அதுக்குத்தான் நாங்க வந்திருக்கோம்" என்றார் சார்.

வெள்ளையன் என்னைப் பார்த்து, "ஏனுங்க டீச்சரம்மா, நெசமாவா?" என்றார். நான் டீச்சர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு நான் டீச்சரம்மாதான். நெசம்தான் என்றேன். அவர் வெட்டவில்லை.

அவர் மனைவி ராஜாமணி எங்களுக்கு ராகிக்களி கிண்டிப் போடுவார். சார் மணையில் உட்கார்ந்து, குழம்பில் தொட்டுச் சாப்பிட்டு, "அருமைங்க" என்பார். வெள்ளையனுக்கு அவர் மேல் அப்படி ஒரு பக்தி. படிச்சவரு நம்ம வூட்டுல வந்து களி தின்னுட்டுப் போறாரு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது அனுமதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பறவையைப் பிடிக்க வனத்துறை அனுமதி வேண்டும். எங்களுக்கு இருந்தது தரைப்பகுதிக்கு மட்டும். மலைக்குத் தனியாக விண்ணப்பித்திருந்தார்கள், வரவில்லை. நான் கேட்டேன்.

"சார், மலைக்கு ஆர்டர் வந்துடுச்சுங்களா?"

"வந்துடும்ங்க மாதம்மா. பேப்பர் மேல போயிருக்கு. புல்லுருவி பூத்தாச்சு, அதுக்கு ஆர்டர் வர்ற வரைக்கும் பூத்துக்கிட்டே இருக்கத் தெரியாதுங்களே" என்று சிரித்தார்.

அப்போது மலைக்கு நல்ல பாதை கிடையாது. ஜீப் அடிவாரம் தாண்டிக் கொஞ்ச தூரம் போகும், பிறகு நடை. என்ன முயன்றாலும் விடிவதற்குள் போய்ச் சேர முடியவில்லை. பறவைகள் சுறுசுறுப்பாக இருப்பதோ வெயில் ஏறாத நேரத்தில். அதனால் வலைகளையும் மூங்கில்களையும் வெள்ளையன் வீட்டிலேயே வைத்தோம். நாங்கள் வரும் நாளைச் சொல்லிவிட்டு வருவோம், அன்று விடிந்ததும் அவர் வலையை விரித்து வைக்க வேண்டும். விரிக்கவும் சுருட்டவும் சாரே அவர் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். சொல்லி முடித்து, "பறவை விழுந்தா மட்டும் நீங்க தொடக் கூடாதுங்க. நாங்க வந்து எடுத்துக்கறோம். கால் ஒடிஞ்சுடும், சிறகு போயிடும். வலையையும் அறுத்துடக் கூடாது, வெளிநாட்டு வலை" என்றார்.

"சத்தியமா தொட மாட்டனுங்க" என்றார் வெள்ளையன்.

அந்த முறையில் சில வாரங்கள் நன்றாகவே நடந்தது. நாங்கள் போகும்போது ஒன்றோ இரண்டோ அப்போதுதான் விழுந்திருக்கும். எடுப்போம், அளப்போம், விடுவோம்.

அன்று காலை நான் துறை வாசலில் துணிப்பைகளும் தராசும் சர்க்கரைத் தண்ணீருமாகக் காத்திருந்தேன். ஜீப் நின்றது, டிரைவர் நின்றார், சார் வரவில்லை. விடிந்து, வெயில் வந்து, ஆபீஸ் திறக்கும் நேரமும் ஆன பிறகு இஸ்திரி மடிப்பு கலையாத சட்டையில் வந்தார். சென்னையிலிருந்து யாரோ பெரியவர் வருகிறாராம், துறையைச் சுற்றிக் காட்ட வேண்டுமாம். அவருக்கு முந்தின நாளே தெரிந்த விஷயம்.

"இன்னிக்கு வேண்டாமுங்க மாதம்மா, அடுத்த வாரம் போயிக்கலாம்" என்றார்.

"சார், வெள்ளையண்ணன் வலைய விரிச்சிருப்பாரு."

"நாம வரலைன்னு தெரிஞ்சா சுருட்டிடுவாருங்க."

"பறவை விழுந்திருந்தா எப்படிச் சுருட்டுவாரு? தொடக் கூடாதுன்னு நாமதானே சொல்லியிருக்கோம். ஜீப்பை மட்டும் குடுங்க சார், நான் போயிட்டு வந்துடறேன்."

"ஜீப்பு அவங்களைக் கூட்டிவர ஸ்டேஷனுக்குப் போகணுமுங்களே" என்றார், மிகவும் வருத்தப்படுகிறவர் போல.

மலையில் அப்போது செல்போன் சிக்னல் கிடையாது. நான் அடிவாரம் வரை பஸ்ஸில் போய் அங்கிருந்து நடந்தேன். பாதி ஏறும்போதே எதிரில் இறங்கி வந்த ஒருவர் சொன்னார், வெள்ளையனை வனத்துறைக்காரர்கள் கூட்டிப் போய்விட்டார்கள் என்று.

மேலே நடந்ததை ராஜாமணியக்கா பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரியும். விடிந்ததும் வலை விரித்திருக்கிறார். நீள அலகுச் சிட்டுகள் மூன்று விழுந்திருக்கின்றன. நாங்கள் வந்துவிடுவோம் என்று பாதையைப் பார்த்தபடி நின்றிருக்கிறார். வெயில் ஏறி வலை மேல் விழுந்திருக்கிறது. பறவைகளோடு வலையைச் சுருட்ட முடியாது. தொடவும் கூடாது. ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு வந்து, இரண்டு கைகளாலும் உயர்த்திப் பிடித்து, பறவைகள் மேல் நிழல் விழும்படி நின்றிருக்கிறார். கை கடுத்தபோது ராஜாமணியக்கா வாங்கிப் பிடித்திருக்கிறார்.

"அறுத்துவுட்ருய்யா, பாவம் வாயத் தொறந்து தொறந்து மூடுதுன்னு சொன்னேன். சாரு வலை, அறுக்கக் கூடாது, சாரு வந்துருவாருன்னு அதையே சொல்லிக்கிட்டு நின்னாரு" என்றார் அக்கா.

இரண்டு செத்துப்போயின. மூன்றாவது துடித்துக்கொண்டிருந்தபோது ரோந்து வந்த வனக் காவலர்கள் பார்த்துவிட்டார்கள். விரித்த வலை, செத்த பறவைகள், பக்கத்தில் சாக்கோடு ஒரு ஆள். அவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? சாக்கு பறவையைப் போட்டுக்கொண்டு போக என்றே எழுதிக்கொண்டார்கள். மூன்றாவது பறவையை அவர்களே வலையை அறுத்து எடுத்தார்களாம். அது பிழைத்ததா என்று யாருக்கும் தெரியவில்லை.

நான் அப்படியே திரும்பித் துறைக்கு வந்தேன். சாரிடம் சொன்னேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். நான் நின்றுகொண்டிருக்கும்போதே வனச்சரக அலுவலகத்திலிருந்து போன் வந்தது. வெள்ளையன் எங்கள் துறையின் பெயரைச் சொல்லியிருக்கிறார், அதைச் சரிபார்க்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். சார் பேசியது ஒவ்வொரு சொல்லும் எனக்கு இன்றுவரை மறக்கவில்லை.

"வணக்கமுங்க. இல்லீங்களே. எங்களுக்கு அனுமதி தரைப்பகுதிக்கு மட்டும்தானுங்க இருக்கு. அனுமதி இல்லாத இடத்துல நாங்க எப்படிங்க வலை போடுவோம்? எங்க வலை எல்லாம் இங்கதானுங்க இருக்கு. பாவம், விசாரிச்சுப் பாருங்க."

ரிசீவரை வைத்த சத்தம்கூடக் கேட்கவில்லை, அவ்வளவு மெதுவாக வைத்தார்.

"சார்" என்றேன்.

"மாதம்மா, யோசிச்சுப் பாருங்க. நாமதான்னு சொன்னா ஆராய்ச்சியே நின்னுபோயிடும். தரைக்கு இருக்கற அனுமதியும் போயிடும். எத்தனை வருஷ உழைப்பு, உங்க உழைப்பும்தானுங்க. அவரை ரெண்டு நாள்ல விட்ருவாங்க. நான் சொல்லி ஏற்பாடு பண்றேன்."

"அவர் உங்க பேச்சைக் கேட்டுத்தான் சார் நின்னுருக்காரு."

"தெரியுமுங்க" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து பஸ் ஏறினேன். வனச்சரக அலுவலக வாசலில் ராஜாமணியக்கா மண்ணில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வராந்தாவில் சுவரோரமாக வெள்ளையன் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று முகம் மலர்ந்தார்.

"சார் வந்துருக்காருங்களா?"

"இல்லண்ணா."

"வண்டி ரிப்பேருங்களா? அதான் காலைல வரலீங்களா? நான் தொடலீங்க டீச்சரம்மா. சார் கிட்டச் சொல்லுங்க, நான் ஒண்ணையும் தொடல."

நான் நேராக ரேஞ்சரிடம் போனேன். ஓய்வுக்கு நெருங்கிய வயது, சோர்ந்த முகம். வலை எங்களுடையது, விரிக்கச் சொன்னது நாங்கள், அவர் கூலிக்கு வேலை பார்த்தவர் என்றேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"உங்க புரொபசர் இப்பத்தான் இல்லைன்னாரு."

"அவர் சொன்னது தப்புங்க சார்."

"எழுதித் தர்றீங்களா? தந்தா உங்க மேலயும் கேஸ் வரலாம். வேலைக்கு ஆபத்து. யோசிச்சுக்கம்மா."

பேப்பர் கேட்டு வாங்கி, அங்கேயே நின்றுகொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இதைத் தைரியம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். வராந்தாவில் ஒருவர் வண்டி ரிப்பேரா என்று கேட்டுக்கொண்டு நிற்கும்போது வேறு என்ன செய்ய முடியும்?

ரேஞ்சர் நல்ல மனிதர்தான். ஆனாலும் பறவைகள் பிடிபட்டது வெள்ளையனிடத்தில். மேலே தகவல் போய்விட்டது. நான் எழுதியது கோப்பில் சேர்ந்தது, அவரை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துவதை அது தடுக்கவில்லை. சிறைக்கு அனுப்பினார்கள். ஜாமீன் கிடைப்பதற்குள் அவர் விதைத்த சாமை அறுக்க ஆள் இல்லாமல் உதிர்ந்துபோயிருந்தது, மிச்சத்தை மாடும் காட்டுப்பன்றியும் தின்று முடித்திருந்தன. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் மலையிலிருந்து இறங்கி வந்தார், வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, யாருக்கோ கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி. நான் போய்ச் சாட்சி சொன்னேன். கடைசியில் அபராதத்தோடு முடித்தார்கள். குற்றவாளி என்ற பெயர் நின்றுவிட்டது.

துறையில் விசாரணை வைத்தார்கள். ஞானசேகரன் சார் தாழ்ந்த குரலில் விளக்கம் சொன்னார். மலையில் பறவைகளைப் பார்த்துக் குறிக்கத்தான் சொன்னதாகவும், ஆர்வத்தின் காரணமாகக் கள உதவியாளர் வலையைக் கொண்டுபோயிருக்கலாம் என்றும். "தப்பான எண்ணத்துல செஞ்சிருக்க மாட்டாங்க. அவங்க மேல கடுமையா எதுவும் நடவடிக்கை எடுத்துடாதீங்க, என் வேண்டுகோள்" என்று எனக்காகப் பரிந்தும் பேசினார். விசாரித்தவர்கள் அவருடைய பெருந்தன்மையைப் பாராட்டினார்கள். டிரைவரைக் கேட்கச் சொன்னேன். டிரைவர் தனக்கு ஒன்றும் தெரியாது, சொன்ன இடத்தில் வண்டியை நிறுத்துவது மட்டுமே தன் வேலை என்றார். அவருக்குப் பெண்பிள்ளைகள் இருந்தார்கள். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

எனக்கு மெமோ கொடுத்து, ஸ்டோர் ரூமுக்கு மாற்றினார்கள். பீக்கர், பார்மலின் பாட்டில், உடைந்த மைக்ராஸ்கோப். ஓய்வு பெறும் வரை அங்கேதான் இருந்தேன். அதன் பிறகு உயிருள்ள ஒரு பறவையை நான் கையில் பிடித்ததில்லை. என் விரல்களுக்கு அந்த எடை இன்னும் தெரியும், இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களின் எடை, அதற்குள் படபடவென்று ஒரு இதயம். அதை என்னிடமிருந்து பிடுங்கியதற்காகவும் நான் கோபப்படலாம். ஆனால் வெள்ளையனுக்கு நடந்ததன் பக்கத்தில் அதை வைத்துப் பேசக் கூச்சமாக இருக்கிறது.

மலைக்கான அனுமதி அந்த ஆண்டே, எல்லாம் முடிந்த பிறகு வந்தது. சார் வேறு ஒரு ஊரில், வேறு ஒருவர் நிலத்தில் வலை போட்டார். கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தது. வெள்ளையன் நிலத்தில் நான் அளந்த அலகுகளும் பின்னால் அனுமதியோடு அளந்தவற்றோடு கலந்து அதில் இருந்தன. தரைச்சிட்டு எந்த மாற்றத்தையும் தாங்கிக்கொள்ளும், மலைச்சிட்டுக்கு அதன் மரங்களை விட்டுவைக்க வேண்டும், மலைவாழ் உழவர்களின் ஒத்துழைப்பின்றி இந்த இனத்தைக் காப்பாற்ற முடியாது என்பது முடிவு. நல்ல முடிவுதான். கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் 'மலை மக்களுக்கு' என்று இருந்தது. பெயர் ஏதும் இல்லை. அதற்காக அவருக்கு விருது கொடுத்தார்கள். ஸ்டோருக்கே வந்து எனக்கு லட்டு கொடுத்தார்.

"நல்லா இருக்கீங்களா மாதம்மா? ஃபீல்டுல உங்களை மாதிரிக் கை இன்னும் கிடைக்கலீங்க" என்றார்.

லட்டை வாங்கி மேஜை மேல் வைத்தேன். அவர் போன பிறகும் அது அங்கேயே இருந்தது, எறும்பு மொய்த்தது, கூட்டுகிற அம்மா எடுத்துப் போட்டார்.

அவர் ஓய்வு பெற்ற விழாவில் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர் என்று பேசினார்கள். அது உண்மை. அவர் யாருக்கும் தீங்கு நினைத்ததில்லை. நினைக்காமலே செய்ய முடியும் என்பதைத்தான் நான் அவரிடம் கற்றுக்கொண்டேன்.

மலருக்காகக் கேட்ட பெண்ணின் போன் வந்த பிறகு எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. போன வாரம் வத்தல்மலைக்குப் போனேன். இப்போது பஸ்ஸே போகிறது. ரோடு வளைந்து வளைந்து ஏறுகிறது, சுற்றுலாக்காரர்கள் நின்று போட்டோ எடுக்கிறார்கள்.

வெள்ளையனுக்கு வயதாகிவிட்டது. வாசலில் காப்பிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. என்னை அடையாளம் தெரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. தெரிந்ததும், "வாங்க" என்றார். டீச்சரம்மா என்று கூப்பிடவில்லை. ராஜாமணியக்கா காப்பி கொடுத்தார். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டேன், பதில் சொன்னார்கள். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குப் பேசுவது சுலபமாக இருந்திருக்கும்.

பலாமரங்கள் நின்ற இடத்தைப் பார்த்தேன். வெறும் சரிவு. மிளகு ஏற்றியிருந்த கல்யாண முருங்கைகளும் இல்லை, சில்வர் ஓக் நட்டிருந்தார்கள்.

"மரமெல்லாம் எங்கண்ணா?"

"ஜாமீனுல வந்த வாரமே வெட்டிட்டேன்" என்றார். "அது இருந்தா அந்தச் சிட்டு வரும். சிட்டு வந்தா ஆளுங்க வருவாங்க. எதுக்கு வம்பு? பக்கத்துக் காட்டுக்காரங்களும் வெட்டிட்டாங்க. அப்ப எல்லாரும் பயந்துட்டாங்க."

"இப்ப அந்தச் சிட்டு வர்றதில்லீங்களா?"

"எங்க பக்கம் இல்ல" என்றார். அதில் ஒரு நிம்மதி இருந்தது.

நான் காப்பியைக் குடித்தேன். என்ன சொல்ல வந்தேன் என்பது எனக்கே தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க வந்தேனா? நான் செய்யாததற்கு, வேறொருவர் சார்பில்? அந்த வேறொருவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது.

அப்போது வீட்டுக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் கேட்டது. எத்தனை ஆண்டு ஆனாலும் எனக்குத் தெரியும். எட்டிப் பார்த்தேன். புழக்கடையில் ஒற்றை வாழை குலை தள்ளியிருந்தது. அதன் பூவில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, மெரூன் பட்டை வெயிலில் மின்ன, நீண்டு வளைந்த அலகை மடலுக்குள் விட்டுக் குடித்துக்கொண்டிருந்தது. தரைச்சிட்டு இல்லை. மலைச்சிட்டுதான்.

வெள்ளையனும் பார்த்துவிட்டார். முழங்காலில் கையூன்றி எழுந்தார். மெதுவாகப் புழக்கடைக்குப் போய், வாழையருகே நின்று, இரண்டு கைகளையும் ஓங்கித் தட்டினார். பறவை போய்விட்டது. அது போன திசையையே சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, அரிவாளை எடுத்து அந்தப் பூவை அறுத்துக் கீழே போட்டார்.

திரும்பி வந்து, "மத்தியானத்து பஸ்ஸு போயிருச்சுன்னா அப்பறம் சாயங்காலம்தானுங்க" என்றார்.

நான் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தேன்.